பூஜ்யம் போட்ட வாரம்

சலவைக் கடைக்காரர் வீட்டுக் கிணற்றுக்கு ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் ஆழம் இல்லாமல் போயிற்று. கிணறு அங்கேயேதான் இருந்தது. சுற்றுச்சுவர், ராட்டினம், கயிறு, தண்ணீர் எல்லாம் இருந்தன. ஆழம் மட்டும் இல்லை. அவர் இறக்கிய வாளி டங்கென்று தண்ணீரின் மேல் உட்கார்ந்துவிட்டது. ஆழம் தெரியாமல் காலை விடாதே என்று சொல்லி வைத்தவர்கள், ஆழமே இல்லாத இடத்தில் காலை விடுவதைப் பற்றி ஒன்றும் சொல்லி வைக்கவில்லை. ஆகவே அவர் செருப்பைக் கழற்றிவிட்டுச் சுவரைத் தாண்டி உள்ளே இறங்கினார். பாதம் நனைந்தது, அவ்வளவுதான். கிணற்றின் நட்டநடுவே நின்றுகொண்டு மனைவியைக் கூப்பிட்டார். அந்த அம்மாள் எட்டிப் பார்த்துவிட்டு, "அங்க நின்னுக்கிட்டு என்ன வேடிக்கை? ஊற வச்ச துணி நாறுது, வாங்க" என்றார். அன்று முழுக்கக் குவளையால் தண்ணீரை வழித்து வழித்து ஊற்றித் துணி அலசினார்கள். பொழுது சாய்வதற்குள் வேலையும் முடிந்துவிட்டது.

அதே காலையில் பேருந்து நிலையத்துக்கு எதிரே இருக்கும் மாடிக் கட்டடத்துக்குப் போனவர்கள், எத்தனை படி ஏறினாலும் தெருவிலேயே வந்து நின்றார்கள். வெளியிலிருந்து பார்த்தால் கட்டடம் கம்பீரமாகத்தான் இருந்தது, துணிகூடக் காய்ந்துகொண்டிருந்தது. மேலே இருந்தவர்கள் கீழே வரத் தடையில்லை. கீழே வந்தவர்கள் மேலே போகத்தான் வழியில்லை. மூன்றாவது தெருப் பல் வைத்தியருக்கு வயது இல்லாமல் போயிற்று. வழுக்கைத் தலையும் மூக்குக் கண்ணாடியும் அப்படியே இருக்க, வாயில் ஒரு பல் இல்லை, கழுத்து நிற்கவில்லை. நோயாளிகளைச் சாய்க்கும் நாற்காலியில் தாமே சாய்ந்துகொண்டு, உதவிக்கு இருந்த பெண் பாட்டிலில் பால் புகட்ட, சமர்த்தாகக் குடித்தார். ஊர் இதற்கெல்லாம் அலட்டிக்கொள்ளவில்லை. திடீரென்று வெயில் கூடினால் என்ன சொல்வார்களோ அதையே சொன்னார்கள்: இரண்டு நாள் பொறுத்துப் பார்ப்போம்.

காரணம் தெரிந்தவர் ஊரில் ஒரே ஒருவர்தான். அவர் களஞ்சியத்தின் அட்டவணைக்காரர். காரணமே அவர்தான் என்பதால் தெரிந்திருந்ததில் வியப்பில்லை.

களஞ்சியம் என்றால் தானியக் களஞ்சியம் அல்ல. எந்தக் காகிதத்தைத் தூக்கி எறிய மனம் வராவிட்டாலும் அதைக் கொண்டுபோய்க் களஞ்சியத்தில் போடுவது அந்த ஊர் வழக்கம். அதில் ஓர் ஒழுங்கு கிடையாது. ஒருவர் தம் வீட்டு வரைபடத்தைத் தருவார். அடுத்தவர் வீட்டு வாசலில் நின்று எடுத்த புகைப்படத்தோடு சரி. இன்னொருவர் அந்த வீட்டைப் பற்றித் தம் மாமா சாப்பாட்டுக்குப் பிறகு பேசிய ஒலிநாடாவைத் தந்துவிட்டுப் போவார், பாதி நாடாவில் மாமாவின் குறட்டைதான் இருக்கும். கடிதம், எலும்புப் படம், மதிப்பெண் பட்டியல், மருந்துச் சீட்டு எல்லாம் பெரிய கூடத்தில் மலையாகக் கிடந்தன. இந்த மலையைப் படிக்க ஓர் இயந்திரம் வந்தது. அது ஒவ்வொரு மனிதருக்கும் வீட்டுக்கும் கிணற்றுக்கும் ஓர் அட்டை அச்சடித்தது. அட்டையில் பெட்டி பெட்டியாக இருக்கும்: வயது, மாடி, ஆழம், பிள்ளைகள். காகிதத்தில் சொல்லியிருந்தால் பெட்டி நிரம்பும். சொல்லாவிட்டால் காலியாகக் கிடக்கும். அட்டையில் எழுதியது ஊரில் நடக்கும் என்பது எல்லோருக்கும் தெரிந்த விஷயம்தான். ஒருமுறை தபால்காரரின் மீசை சிவப்பு என்று கைப்பிழையாக அச்சாகிவிட்டதில் அவர் ஒரு பருவம் முழுக்கச் சிவப்பு மீசையோடு தபால் கொடுத்தார். ஆனால் காலிப் பெட்டி அதுவரை யாரையும் ஒன்றும் செய்ததில்லை.

இயந்திரத்துக்கு மேலே சுவரில் நிறைவு முள் என்று ஒரு முள் வைத்திருந்தார்கள். எத்தனை பெட்டி நிரம்பியதோ அந்த அளவுக்கு அது ஏறும். தலைமை இடத்திலிருந்து பார்வையிட ஆட்கள் வரப்போவதாகத் தகவல் வந்தபோது முள் பாதியில்தான் நின்றது. களஞ்சியத்தின் மேலாளர் அம்மா அட்டவணைக்காரரைக் கூப்பிட்டு, "வர்றவங்க ஒரு அட்டையையும் படிக்கப் போறதில்ல சார். முள்ளைத்தான் பார்ப்பாங்க. அது மேல ஏறியாகணும்" என்றார். அட்டவணைக்காரர் சோம்பேறி அல்ல, கெட்டவரும் அல்ல. கூடத்தில் கிடக்கும் மலையை ஒரு வாரத்தில் தோண்ட முடியாது என்று தெரிந்த நியாயமான மனிதர். காலிப் பெட்டியில் ஒன்றும் இல்லை. பூஜ்யம் என்றாலும் ஒன்றும் இல்லை. ஒன்றும் இல்லாததை ஒன்றும் இல்லாததால் நிரப்பினால் யாருக்கு என்ன நஷ்டம் என்று அவர் யோசித்தார். எண் வரவேண்டிய காலிப் பெட்டி ஒவ்வொன்றிலும் பூஜ்யம் போடும்படி இயந்திரத்துக்குச் சொன்னார். முள் விர்ரென்று உச்சிக்குப் போய் நின்றது. வந்தவர்கள் முள்ளோடு சேர்ந்து நின்று படம் எடுத்துக்கொண்டு, அவருக்கு ஒரு பேனா கொடுத்து, கை தட்டிவிட்டுப் போனார்கள். மறுநாள்தான் செவ்வாய்க்கிழமை.

தேநீர்க் கடையில் கிணற்றுக் கதையைக் கேட்ட அட்டவணைக்காரர் தேநீரைப் பாதியிலேயே வைத்துவிட்டு எழுந்தார். களஞ்சியத்துக்கு ஓடி அட்டையை உருவிப் பார்த்தார். ஆழம்: பூஜ்யம். பல் வைத்தியர், வயது: பூஜ்யம். "அடப்பாவி" என்று தம்மைத் தாமே திட்டிக்கொண்டார். சிவனேயென்று கிடந்த காலிப் பெட்டிகளை நோண்டியது, வேலியில் போன ஓணானை எடுத்து மடியில் விட்டுக்கொண்ட கதையாகிவிட்டது. இருந்தாலும் அப்போது அவருக்கு இருந்தது வேலை போய்விடுமோ என்ற பயம் மட்டும்தான். உண்மையான பயம் வீட்டில் காத்திருந்தது.

அவர் மனைவி தையல்காரர். வாசல் அறையில் தையல் இயந்திரம் போட்டு ஊருக்கே தைத்துக் கொடுப்பவர், வாய்த்துடுக்கு கொஞ்சம் அதிகம். அவர்களுக்குப் பிள்ளை பிறக்கவில்லை. ஆனால் வீட்டில் பிள்ளை இருந்தது. தையல்காரம்மாவின் தங்கை நோயில் படுத்து இறந்தபோது தவழ்ந்துகொண்டிருந்த குழந்தையைத் தூக்கி வந்து வளர்த்தார்கள். வளர்ந்து பேருந்து நிலையத்தில் டிக்கெட் கொடுக்கும் வேலைக்குப் போய்ச் சம்பளம் வாங்க ஆரம்பித்த பிறகும் அவள் அந்த வீட்டில் பாப்பாதான். பாப்பா அவர்களைப் பெரியம்மா, பெரியப்பா என்றே கூப்பிட்டாள். அப்படித்தான் கூப்பிட வேண்டும் என்பதில் தையல்காரம்மா கறாராக இருந்தார். ஏனென்றால் தங்கை கடைசியாகச் சொன்னது ஒன்றே ஒன்றுதான்: "அக்கா, எம் பொண்ணை எனக்கு இல்லாமப் பண்ணிடாதே." அதற்குப் பிறகு களஞ்சியத்திலிருந்து விவரம் கேட்க வந்தவர் பிள்ளைகள் எத்தனை என்று கேட்டபோது, ஒன்று என்றால் தங்கைக்குத் துரோகம், இல்லை என்றால் குழந்தைக்குத் துரோகம் என்று தையல்காரம்மா வாயை இறுக்கி மூடிக்கொண்டார். வாய் திறந்தபோது, "அடுத்ததைக் கேளுங்க" என்றார். வந்தவரும் அடுத்ததைக் கேட்டார். அந்தப் பெட்டி காலியாகவே கிடந்தது, அந்தக் காலியிடத்தில் ஒரு பெண் நன்றாக வளர்ந்தாள்.

செவ்வாய்க்கிழமை மாலை தையல்காரம்மா பாப்பாவுக்குப் பாவாடை தைக்க இடுப்பைச் சுற்றி அளவு நாடாவைப் பிடித்தார். சுற்றி வந்த நாடா தொடங்கிய குறியிலேயே வந்து நின்றது. மறுபடி பிடித்தார், மறுபடியும் அப்படியே. "என்னடி இது, நாடா பூஜ்யம் காட்டுது? சாப்பிடறியா இல்லையா நீ?" என்றார். பாப்பா சிரித்தாள். கதவருகே நின்று பார்த்துக்கொண்டிருந்த அட்டவணைக்காரருக்குச் சிரிப்பு வரவில்லை. மறுநாள் முதல் வேலையாகத் தம் வீட்டு அட்டையைப் பார்த்தார். பிள்ளைகள்: பூஜ்யம். நாற்காலியில் உட்கார்ந்தவர் வெகுநேரம் எழுந்திருக்கவில்லை.

பாப்பா ஒரேயடியாக மறைந்துவிடவில்லை. தேய்ந்தாள். டிக்கெட் ஜன்னலில் அவள் உட்கார்ந்திருக்க, ஆட்கள் ஆளில்லை என்று சொல்லி அடுத்த ஜன்னல் வரிசையில் போய் நின்றார்கள். பேருந்து நடத்துனர் அவளிடம் டிக்கெட் கேட்கவில்லை. அதை அவள் முதலில் சலுகை என்று நினைத்தாள். வீட்டில் அவள் குரல் பக்கத்து அறை வானொலி போலக் கேட்டது. வியாழக்கிழமை தையல்காரம்மா சாப்பாட்டுக்கு இரண்டு தட்டு வைத்தார். கணவர் மூன்றாவது தட்டை எடுத்து வைத்தபோது, "யாராவது வர்றாங்களா?" என்று கேட்டார். மேசைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்த பாப்பா பெரியப்பாவைப் பார்த்தாள். அந்தப் பார்வையை அட்டவணைக்காரரால் தாங்க முடியவில்லை. தட்டை அப்படியே வைத்துவிட்டுச் சட்டையை மாட்டிக்கொண்டு களஞ்சியத்துக்குப் போனார். போட்டது பூஜ்யம்தானே, எடுத்துவிட்டால் போயிற்று என்று நினைத்தார். எல்லாப் பூஜ்யங்களையும் அழிக்கும்படி இயந்திரத்துக்குக் கட்டளை கொடுத்தார். முள் தொப்பென்று விழுந்தது. வீடு திரும்பியபோது பாப்பா கை நிறைய மாவோடு சமையலறையில் நின்று பெரியம்மாவோடு சண்டை போட்டுக்கொண்டிருந்தாள். உயிர் வந்தது அவருக்கு.

உயிர் ஒரு நாள்தான் தங்கியது. அவசரத்தில் கை அண்டாவுக்குள் நுழையாது என்பார்கள். அவர் அண்டாவையே கவிழ்த்துவிட்டிருந்தார். ஊரில் அசல் பூஜ்யங்களும் இருந்தன. ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார் கல்யாணமே செய்துகொள்ளாதவர். பிள்ளைகள் பூஜ்யம் என்று தாமே களஞ்சியத்துக்கு எழுதிக் கொடுத்தவர். அந்தப் பூஜ்யமும் அழிந்துபோனதால் அவர் வீட்டில் எத்தனை பிள்ளைகள் என்பது திறந்த கேள்வியாகிவிட்டது. வெள்ளிக்கிழமை காலை கண் விழித்தவர் வீடு முழுக்கப் பிள்ளைகளைப் பார்த்தார். கட்டிலுக்கு அடியில், அலமாரியில், புத்தக அடுக்கின் மேல் எங்கும் இருந்தார்கள். கணக்கு வாத்தியார் அல்லவா, எண்ணிப் பார்க்காமல் இருப்பாரா? ஒவ்வொரு தடவையும் ஒவ்வொரு தொகை வந்தது. காதில் பஞ்சை வைத்துக்கொண்டு களஞ்சியத்துக்கு வந்து, "எனக்குக் கல்யாணமே ஆகலைம்மா! அத்தனையும் அப்பா அப்பான்னு காலைக் கட்டிக்குதுங்க. நான் என்ன பதில் சொல்ல?" என்று மேலாளர் அம்மாவிடம் முறையிட்டார். அவருக்குப் பின்னால் வரிசை வாசலைத் தாண்டியது. நாயே வளர்க்காதவர் வீட்டில் எத்தனையோ நாய்கள் குரைத்தன. வழக்கே இல்லாதவர் வீட்டுக்கு நீதிமன்ற ஆட்கள் வந்து, எந்த வழக்கு என்று தெரியாமல் திண்டாடிக்கொண்டிருந்தார்கள்.

மேலாளர் அம்மா விழுந்து கிடந்த முள்ளைப் பார்த்தார், வரிசையைப் பார்த்தார். இயந்திரம் ஒவ்வொரு மாலையும் தன்னைத் தானே நகல் எடுத்து வைத்துக்கொள்ளும். புதன்கிழமை நகலை எடுத்துத் திரும்பப் போட்டுவிட்டார். பூஜ்யங்கள் எல்லாம் ஓடிவந்து உட்கார்ந்தன. வாத்தியார் வீடு அமைதியானது. அட்டவணைக்காரர் வீடும் அமைதியானது.

சனிக்கிழமை தையல்காரம்மா கதவைத் தாழ்போட்டுக்கொண்டு வேலையைப் பார்த்தார். வெளியே படியில் பாப்பா உட்கார்ந்திருந்தாள். எத்தனை நேரமாகத் தட்டினாளோ தெரியாது, கதவுக்குக் கேட்கவில்லை. அட்டவணைக்காரர் வந்து அவளை உள்ளே அழைத்துப்போனார். கையைப் பிடித்தபோது பிடித்த மாதிரியே இல்லை. "பெரியப்பா, நான் ஏதாவது தப்பு பண்ணிட்டேனா?" என்று கேட்டாள். அதுவும் அவள் உதட்டைப் பார்த்துத்தான் புரிந்தது. "நீ இல்லம்மா, நான்தான்" என்றார். அழுதார். அழுதுகொண்டே மறுபடி களஞ்சியத்துக்குப் போய், கூடத்து மலையில் இறங்கித் தேடினார். எது அசல் பூஜ்யம், எது தாம் போட்ட பூஜ்யம் என்று பிரித்தாக வேண்டும். அட்டையில் இரண்டும் ஒரே முகமாக இருந்தன. உப்பையும் சர்க்கரையையும் ஒரே டப்பாவில் கொட்டியவர் நிலைதான் அவர் நிலை. இயந்திரத்தைக் கேட்டால் அதற்கு நினைவில்லை. காகிதங்களைப் புரட்டினார். இருப்பதற்குக் காகிதம் சாட்சி சொல்லும். ஒருவர் சொல்லாமல் விட்டதற்கு எந்தக் காகிதம் சாட்சி சொல்லும்? பெட்டி ஏன் காலி என்று தெரிந்தவர்கள் அந்தந்த வீட்டில் இருப்பவர்கள்தான். அவர்களைத்தான் யாரும் கேட்கவில்லை.

மேலாளர் அம்மா களஞ்சியத்து முற்றத்தில் தலை வாரிக்கொண்டிருந்தார். அவர் குடியிருந்தது பேருந்து நிலையத்துக்கு எதிரே உள்ள அந்த மாடிக் கட்டடத்தில். வெள்ளிக்கிழமை ஒரே ஒரு நாள் வழி திறந்தபோது அவர் அலுவலகத்தில் இருந்தார். நகலைப் போட்டுவிட்டுப் போய்ப் பார்த்தால் வழி மறுபடி அடைத்துக்கொண்டது. செவ்வாய்க்கிழமையிலிருந்து கணவர் ஜன்னல் வழியாகக் கயிற்றில் பையைக் கட்டி இறக்குவதுதான் அவருக்கு மாற்றுத் துணி. அட்டவணைக்காரர் எதையும் மறைக்காமல் சொன்னார். பாப்பாவைப் பற்றியும் சொன்னார். மேலாளர் அம்மா சீப்பைக் கீழே வைத்தார்.

"எம் பையன் தினமும் மேலேருந்து 'அம்மா, வாம்மா'ன்னு கூப்பிடறான் சார். நான் லிஃப்ட் கோளாறுன்னு நினைச்சேன்" என்றார்.

"மேடம், பூஜ்யம்னு போட்டா பொய். காலியாக்கினா அசல் பூஜ்யமும் போயிடுது. மூணாவதா ஏதாவது போட முடியாதா? தெரியாதுன்னு போடலாம். கேக்கலைன்னு போடலாம். அதுவும் உண்மைதானே?"

"முள் அதை ஒத்துக்குமா?"

"முள்ளா மேடம் நம்ம பிள்ளைங்களை வளர்க்குது?"

மேலாளர் அம்மா கீழே வைத்த சீப்பை எடுத்தார். அதைத் தலையிலேயே சொருகிக்கொண்டு எழுந்தார். இயந்திரம் பார்க்கும் மெக்கானிக்கைக் கூப்பிட்டு மூன்று குறிகளை ஏற்றச் சொன்னார். இல்லை என்பதற்கு ஒன்று, தெரியாது என்பதற்கு ஒன்று, இன்னும் கேட்கவில்லை என்பதற்கு ஒன்று. இனிமேல் கேட்காமல் எவரும் எந்தப் பெட்டியிலும் பூஜ்யம் போடக்கூடாது என்றும் சொன்னார். மெக்கானிக் முனகிக்கொண்டே ஏற்றினார். ஊரில் முதலில் கேட்கப்போகும் வீடு எது என்பதில் இருவருக்கும் சந்தேகம் இல்லை. ஆனால் களஞ்சியத்தில் ஒரு பழைய விதி உண்டு: சொந்த வீட்டு அட்டையில் தம் கை படக்கூடாது, அதற்கான பதிலும் தம் வாயிலிருந்து வரக்கூடாது. அதனால் மேலாளர் அம்மாவே அட்டையையும் பேனாவையும் எடுத்துக்கொண்டு வந்தார். வழியெல்லாம் அட்டவணைக்காரர் இரண்டடி பின்னாலேயே வந்தார். இரண்டு தட்டு வைக்கிற மனைவியிடம் கேள்வியைக் கேட்டால் என்ன பதில் வரும் என்று அவருக்குத் தெரியும். தையல்காரம்மா பிள்ளை இல்லை என்று சொல்லி, அது பேனாவில் எழுதப்பட்டுவிட்டால், பிறகு அது அசல் பூஜ்யம். அதை யாராலும் எடுக்க முடியாது.

தையல்காரம்மா துணியில் குனிந்திருந்தார். வந்தவரை உட்காரச் சொல்லித் தண்ணீர் கொடுத்தார். பாப்பா சுவரோரம் நின்றாள். நின்றது அட்டவணைக்காரருக்கு மட்டும், அதுவும் ஓரக்கண்ணால் பார்த்தால் மட்டும், தெரிந்தது. மேலாளர் அம்மா அட்டையை மடியில் வைத்துக்கொண்டு கேட்டார்.

"இந்த வீட்டுல பிள்ளைங்க எத்தனைம்மா?"

"பிள்ளையா? எங்களுக்கா?" தையல்காரம்மா சிரித்துவிட்டார். அட்டவணைக்காரர் தூணைப் பிடித்துக்கொண்டார். "எங்களுக்கு ஏதுங்க..." என்று ஆரம்பித்தவர் நடுவில் நிறுத்தினார். கையில் இருந்த துணியைப் பார்த்தார். பாவாடை முக்கால்வாசி முடிந்திருந்தது.

"யாருக்கும்மா தைக்கறீங்க?" என்றார் மேலாளர் அம்மா.

தையல்காரம்மா துணியைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தார். "அதாங்க தெரியலை. யாரும் துணி குடுக்கலை, யாரும் அளவு குடுக்கலை. நாலு நாளா உக்காந்து தைக்கறேன். ஆனா அளவு தப்பா இருக்காது. இடது பக்கம் இடுப்பு கொஞ்சம் இறங்கின உடம்பு. கை பாட்டுக்கு அப்படித்தான் வெட்டுது." பாவாடையை மடியோடு அணைத்துக்கொண்டார். "இல்லைன்னு எழுதாதீங்க. ஏன்னு கேக்காதீங்க, எனக்குச் சொல்லத் தெரியலை. ஆனா இல்லைன்னு மட்டும் எழுதிடாதீங்க."

"இல்லைன்னு எழுதலைம்மா. தெரியாதுன்னு எழுதறேன்" என்று மேலாளர் அம்மா பூஜ்யத்தை ஒரே கோடாக அடித்து, பக்கத்தில் புதுக் குறியைப் போட்டார். மை காய்வதற்கு முன்னாலேயே சுவரோரம் யாரோ நீளமாக மூச்சு விட்டது எல்லோருக்கும் கேட்டது. ஊர் இயந்திரத்துக்காகக் காத்திருப்பதில்லை.

"என்னைக் கேளுங்க. இந்தக் கேள்வியை என்னை ஒருத்தரும் கேட்டதே இல்ல" என்றாள் பாப்பா.

மேலாளர் அம்மா திரும்பி அவளை ஏற இறங்கப் பார்த்தார். தம் கட்டடத்து மாடிப்படி தெருவில் முடிவதையே பார்த்தவர் அவர். சுவரோரம் ஒரு பெண் வந்ததற்கா அசரப்போகிறார்? "சரி, நீ சொல்லும்மா. எத்தனை?"

"ஒண்ணு."

"அவ அம்மா அட்டையில ஒண்ணுன்னு இருக்குங்க" என்று தையல்காரம்மா குறுக்கிட்டார். நினைவு முழுசாகத் திரும்பிவிட்டது, பழைய பயமும் கூடவே திரும்பிவிட்டது. "இங்க போட்டா அங்க இல்லாமப் போயிடும். எந் தங்கச்சிக்கு நான் வாக்குக் குடுத்திருக்கேன்."

"ஏன் இல்லாமப் போகணும் பெரியம்மா? அங்கேயும் ஒண்ணு, இங்கேயும் ஒண்ணு. ரெண்டும் நான்தான். அதுல இவங்க மெஷினுக்கு என்ன குடி முழுகிப் போச்சு?"

மேலாளர் அம்மா யோசித்துப் பார்த்தார். ஒரு பிள்ளை இரண்டு அட்டையில் இருக்கக் கூடாது என்று விதி எதுவும் அவர் நினைவுக்கு வரவில்லை. வந்திருந்தாலும் அன்று அவர் மதித்திருக்க மாட்டார். ஒன்று என்று அழுத்தமாக எழுதினார். தையல்காரம்மா பாவாடையைப் போட்டுவிட்டு எழுந்து பாப்பாவின் தோளைப் பிடித்து உலுக்கினார். "எத்தனை நாளாடி வெறும் வயித்தோட நிக்கறே? வாயைத் திறந்து சொல்றதுக்கென்ன?" என்று திட்டினார். "சொன்னேனே பெரியம்மா, கத்தினேனே!" என்று அவளும் பதிலுக்குக் கத்த, இரண்டு பேரும் கட்டிக்கொண்டு அழுதார்கள், அப்புறம் சிரித்தார்கள். அட்டவணைக்காரர் தூணை விட்டுவிட்டுத் தரையிலேயே உட்கார்ந்தார். தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போயிற்று. நெஞ்சில் கிடந்த பாறாங்கல் எங்கே போயிற்று என்றே தெரியவில்லை.

அதற்குப் பிறகு ஊர் முழுக்கக் கேட்டு முடிக்க வருஷங்கள் ஆயின. மற்ற பூஜ்யங்களையெல்லாம் மெக்கானிக் அன்றே இன்னும் கேட்கவில்லை என்று மாற்றிவிட்டார். அசலுக்கும் போலிக்கும் அது பொதுவில் பொருந்தியதால், கேட்கிற நாள் வரைக்கும் கிணறுகளும் நாய்களும் அவரவர் அறிந்தபடி அடங்கியிருந்தன. மேலாளர் அம்மா அன்று மாலை படி ஏறித் தம் வீட்டுக்கே போய்ச் சேர்ந்தார். பல் வைத்தியருக்கு எல்லாப் பல்லும் ஒரே நாளில் முளைத்ததில் இரண்டு நாள் காய்ச்சல் அடித்தது, அவ்வளவுதான். சலவைக் கடைக்காரரைக் கேட்டபோது கிணற்றின் ஆழம் தமக்கும் தெரியாது என்றார். தெரியாது என்றே எழுதினார்கள். அந்தக் கிணறு அன்றிலிருந்து, எத்தனை கயிறு விட்டாலும் அத்தனையும் வாங்கிக்கொண்டு வாளி நிறையத் தண்ணீர் கொடுத்தது. நிறைவு முள்ளைக் கழற்றிவிட்டு அந்த ஆணியில் கடிகாரம் மாட்டினார்கள்.

கணக்கு வாத்தியார் வீட்டுக்கு அட்டவணைக்காரர் தாமே போனார். பிள்ளைகள் பூஜ்யம் என்று ஏற்கெனவே எழுதித் தந்தவர், ஒரு நிமிஷ வேலை என்று நினைத்தார். வாத்தியார் நாற்காலி போட்டு உட்காரவைத்து, வெகுநேரம் சுற்றி வளைத்துப் பேசிவிட்டு, கடைசியில் தொண்டையைச் செருமினார். "அந்த வெள்ளிக்கிழமை போனப்புறம் வீடு ஒரே வெறிச்சுனு இருக்கு சார். தெரியாதுன்னே போட்டுடுங்களேன். எண்ணாம இருந்துக்கறேன்" என்றார். அட்டவணைக்காரர் மறுபேச்சு இல்லாமல் எழுதினார். மாலையில் அந்தத் தெருவில் போகிறவர்கள், வாத்தியார் வாய்ப்பாடு சொல்ல, ஏகப்பட்ட சின்னக் குரல்கள் திருப்பிச் சொல்வதைக் கேட்டுக்கொண்டே போவார்கள்.

பாப்பா வேலை முடிந்து வீடு திரும்பும்போது, அந்தச் சனிக்கிழமைக்குப் பிறகு, படியில் இரண்டு பேர் ஏறிவரும் சத்தம் கேட்டது. ஆள் ஒருத்திதான்; அட்டை இரண்டு என்பதால் காலடியும் இரண்டு பேருடையது. ஒன்று விடுவிடுவென்று வரும், இன்னொன்று அதோடு ஒட்டிக்கொண்டு வரும். முதல் நாள் துணி வாங்க வந்திருந்த பக்கத்து வீட்டுக்காரி, "யாரு, விருந்தாளியா?" என்று வாசலை எட்டிப் பார்த்தாள். தையல்காரம்மா ஊசியில் நூல் கோர்த்துக்கொண்டிருந்தார், நிமிரக்கூட இல்லை.

"விருந்தாளி எவளும் இல்ல. எங்க பொண்ணு வர்றா" என்றார்.